எட்டில் ஏழாவது

வாக்கர்ஸ் ஃபெரி, அயோவா
17 மே 1953

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

உன் தம்பி கிளெம் எழுதுகிறேன். நானும் மேபலும் சுகம். என் முழங்கால் மட்டும் மழைக்கு முதல் நாள் வலித்து எனக்குத் தகவல் சொல்கிறது. உன் உடம்பு எப்படி? ஐனர் அத்தானுக்கு இருமல் நின்றதா?

சேதி ஒன்றே ஒன்றுதான். நம் படகோட்டிகள் முதலிடம்! இதைச் சத்தம் போட்டுப் படி. பேஸ்பால் லீக்கில் இருக்கிற எட்டு அணியில் நாம் முதலிடம். நேற்று கிரேஞ்ச் சிட்டிக் கொல்லர்கள் நம் மைதானத்துக்கு வந்து ஒன்பதுக்கு ஒன்று என்று உதைவாங்கிப் போனார்கள். லண்ட்கிரென் வீசிய பந்து ஒவ்வொன்றும் கையுறையில் விழுந்த சத்தம் ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும். டோலன் அடித்த ஹோம் ரன் வேலியைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாண்டி, எங்கே போயிற்று என்று இன்னும் தேடுகிறார்கள்.

தீவனக் கடை பர்விஸை உனக்கு நினைவிருக்கும். இருபது வருஷமாக நம் ஊர்ச் சோறு தின்றுவிட்டுக் கொல்லர்களுக்குக் கைதட்டுகிற ஆள். சனிக்கிழமை தவறாமல் என் சலூனுக்குச் சவரத்துக்கு வருவார். நேற்று ஆட்டம் முடிந்த கையோடு வந்தார்.

"என்ன பர்விஸ், உங்க டீம் தொப்பிய எங்க காணோம்?"

"வெயில் இல்லையே. எதுக்குத் தொப்பி?"

"ஒம்பதுக்கு ஒண்ணு! வெயில் அடிக்கலன்னா சொல்றீங்க?"

கடையே சிரித்தது. முகம் நிறைய நுரையும் கழுத்தில் என் கத்தியுமாக மனிதர் என்ன பதில் சொல்வார்?

மேபல் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். அவளுக்கு பேஸ்பாலைக் கண்டாலே ஆகாது. ஆனால் உன்னை ரொம்பப் பிடிக்கும்.

அன்புத் தம்பி,
கிளெம்

*

அஸ்டோரியா, ஓரிகன்
31 மே 1953

என் செல்லத் தம்பி கிளெமுக்கு,

அக்காவின் முத்தங்கள். ஐனரின் இருமல் நின்று குறட்டை தொடங்கியிருக்கிறது. எனக்கு அடிவயிற்றில் லேசாக ஓர் இழுப்பு. நாள் முழுக்க நின்றுகொண்டே மீன் டப்பா அடைக்கிறவளுக்கு இதெல்லாம் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். உன் முழங்காலுக்குத் தவிட்டு ஒத்தடம் கொடு.

உன் கடிதத்தை நான் மட்டும் படிக்கிறேன் என்று நினைக்காதே. சாப்பாட்டு மணி அடித்ததும் எங்கள் வரிசைப் பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். நான் படிப்பேன். எல்லாரும் ஃபின்லாந்துக்காரிகள். ஒருத்தியும் பேஸ்பால் மட்டையைத் தொட்டதில்லை. இப்போது வந்து பார். கொல்லர்கள் என்ற பேரைக் கேட்டாலே அவர்கள் மொழியில் ஏதோ வைகிறார்கள். அர்த்தம் கேட்டால் மேஸ்திரி ஹில்யா முகம் சிவந்து போகிறாள். போன கடிதத்தைப் படித்து முடித்ததும் அவள் கேட்ட கேள்வி: "அந்த டோலனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

இதைக் கவனமாகக் கேள். முதலிடத்தில் இருக்கும்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மூன்றாவது வரிசையில் தூணுக்குப் பக்கத்து சீட்டை மாற்றாதே. ஜெயித்த அன்று போட்ட சட்டையைத் துவைக்க விடாதே. மேபல் சண்டைக்கு வந்தால் நான் சொன்னதாகச் சொல். உன்னை மைதானத்துக்கு முதன்முதலில் கூட்டிப் போனவள் நான். இந்த விஷயத்தில் எனக்குக் கீழ்ப்படி.

அடிக்கடி எழுது. ஊர்ப் பத்திரிகை வாரத்துக்கு ஒரு கட்டாகத்தான் வருகிறது. அதில் ரன் இருக்கிறது, உன் வாய் இல்லை.

அக்கா,
வெர்னா

*

வாக்கர்ஸ் ஃபெரி
28 ஜூன் 1953

அன்புள்ள அக்காவுக்கு,

வயிற்று இழுப்பு சரியானதா? நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

பத்திரிகையில் பார்த்திருப்பாய். டோலனைப் பெரிய லீக் அணி ஒன்று விலைக்குக் கேட்டது. நம் முதலாளி ஹட்டன் மறுபேச்சில்லாமல் விற்றுவிட்டார். டோலன் போன மறுநாள் தொடங்கியது சனி. கேட்சருக்கு விரல் உடைந்தது. லண்ட்கிரென் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். முதல் தளத்தில் நிற்கிற நம் மாலெக், அந்தக் கிழட்டு மாடு, கைக்கு நேராக வந்த பந்தை நழுவவிட்டுவிட்டு வானத்தைப் பார்த்து நின்றான். தோற்றோம், தோற்றோம், தோற்றுக்கொண்டே இருக்கிறோம். இன்றைய தேதிக்கு எட்டாவது இடம். அதற்குக் கீழே தரைதான் இருக்கிறது.

இதைவிடக் கேடு ஒன்று உண்டு. நேற்று ஹட்டன் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். செப்டம்பரில் தொழிலாளர் தினத்தன்று சீசன் முடிகிறபோது அணி கடைசி இடத்தில் இருந்தால், அதைக் கிளேபர்ன் ஊருக்குக் கொண்டுபோய்விடுவாராம். விற்றதும் அவர், விரட்டுவதும் அவர்! படகோட்டிகள் இல்லாத ஊரில் கோடைகாலத்தில் நான் என்ன செய்வேன் அக்கா? சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா? கடைக்கு வருகிறவர்கள் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். கத்தரிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

பர்விஸ்கூட நேற்று கேலி செய்யவில்லை. சவரக் காசை வைத்துவிட்டுப் போனார்.

ஒரு சந்தேகம் மட்டும் அரித்துக்கொண்டே இருக்கிறது. அதை உனக்குச் சொன்னால் சிரிப்பாய். சொல்லவில்லை.

தம்பி,
கிளெம்

*

அஸ்டோரியா
9 ஜூலை 1953

கிளெம்,

உடம்பைப் பற்றி அப்புறம். முதலில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நேராக உட்கார்.

எட்டாவது இடமா? இருக்கட்டும்! ஹட்டன் வாங்குவான், விற்பான். அந்த மைதானத்துப் பலகையில் உட்கார்ந்து தேய்த்தவர்கள் நாம். அணி நம்முடையது. டோலன் போனால் என்ன, மாலெக் இருக்கிறான். அவனைக் கிழட்டு மாடு என்று நீ இன்னொரு முறை எழுதினால் நான் படிக்க மாட்டேன். பந்தை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தான் என்றால் அவனுக்கு எவ்வளவு வலித்திருக்கும்! நாளைக்கு மைதானத்துக்குப் போ. அவன் வெளியே வரும்போது எழுந்து நின்று கைதட்டு. நீ ஒருவன்தான் தட்டுகிறாய் என்றாலும் தட்டு.

இங்கே என் வரிசையில் ஒருத்தியும் சாப்பிடவில்லை. ஹில்யா கேட்கிறாள், "அந்த ஹட்டன நம்ம ஊருக்கு ஒரு தடவ வரச் சொல்லு. டப்பால அடச்சு அனுப்பிடறோம்."

ஆகஸ்ட் கடைசியில் நானும் ஐனரும் போர்ட்லண்ட் போகிற வேலை ஒன்று இருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. லண்ட்கிரென் தோள் எப்படி என்று உடனே எழுது.

அக்கா,
வெர்னா

*

வாக்கர்ஸ் ஃபெரி
29 ஜூலை 1953

அன்புள்ள அண்ணிக்கு,

மேபல் வணக்கம். நீங்களும் அண்ணனும் நலம்தானே? உங்கள் தம்பி உடம்பால் நலம். மூளையைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்துக்கு அவர் ஏன் பதில் போடவில்லை என்று நீங்கள் தவித்துக்கொண்டிருப்பீர்கள். அவருக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று சலூனில் உட்கார்ந்து பதில் எழுதத் தொடங்கினார். இரண்டு வரி எழுதுவதற்குள் ஆள் வந்துவிட்டது. தாளை நுரைக் கிண்ணத்துக்கு அடியில் செருகிவிட்டு எழுந்தார். அன்று சாயங்காலம் படகோட்டிகள் ஜெயித்துவிட்டார்கள். மறுநாள் எழுத எடுத்தார், யோசித்தார், வைத்துவிட்டார். அன்றும் ஜெயித்தார்கள். அவ்வளவுதான், முடிந்தது கதை.

"மேபல், நான் அக்காவுக்கு லெட்டர் போட்ட அன்னிக்கெல்லாம் தோத்திருக்காங்க. நான்தான் பீடை!"

"மே மாசம் முதலிடத்துல இருந்தப்பவும்தானே எழுதினீங்க?"

"எழுதினேன். அன்னிக்குச் சாயந்தரமே தோத்தாங்க. அப்ப எனக்குப் புத்தியில எட்டல."

இப்போது அந்தத் தாளின் பக்கத்தில் யாரும் மூச்சுவிடக்கூடக் கூடாது. நுரைக் கிண்ணத்தையும் நகர்த்துவதில்லை, அதனால் புதுக் கிண்ணம் வாங்கியிருக்கிறார். இதோடு சவரமும் செய்துகொள்வதில்லை. ஊருக்கே சவரம் பண்ணுகிற மனிதர் கரடி மாதிரி தாடியோடு நிற்கிறார். "கிளெம், கத்தி மொன்னையாயிடுச்சா?" என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் கேட்கிறான்.

அவர்கள் ஜெயிக்கிறார்கள் என்பது மட்டும் உண்மை. லண்ட்கிரெனுக்குத் தோள் வலியால் வேகமாக வீச முடியவில்லையாம். சாப்பாட்டு மேசையில் உப்பைத் தள்ளுகிற மாதிரி மெதுவாக வீசுகிறானாம். எதிராளிகள் பந்து வருவதற்கு முன்பே மட்டையைச் சுழற்றிவிட்டு நிற்கிறார்களாம். நான் பார்க்கவில்லை, தினமும் மூன்று வேளையும் கேட்கிறேன்.

உங்களுக்கு வருத்தமாக இருந்தால் சொல்லுங்கள். அந்தத் தாளை நானே அடுப்பில் போடுகிறேன்.

மேபல்

*

அஸ்டோரியா
4 ஆகஸ்ட் 1953

அன்பு மேபலுக்கு,

அடுப்பில் போடுகிறாயா? கையை உடைப்பேன்! அந்தத் தாள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். தூசிகூடத் தட்டாதே.

வருத்தமா எனக்கு? உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். வாயை அடக்கத் தெரியாத என் தம்பி ஊருக்காகப் பேனாவை அடக்கிக்கொண்டு இருக்கிறான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இனி நான் சொல்வதை உன்னோடு வைத்துக்கொள். என் வயிற்றில் கட்டி இருக்கிறது. ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி போர்ட்லண்ட் ஆஸ்பத்திரியில் அறுக்கிறார்கள். நல்லதா கெட்டதா என்று வெட்டி எடுத்துச் சோதித்தால்தான் தெரியுமாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கிளெமுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவனால் சும்மா இருக்க முடியுமா? அன்றைக்கே பத்துப் பக்கம் எழுதித் தபாலில் போடுவான். அப்புறம் படகோட்டிகள் கதி? எட்டாவது இடத்திலிருந்து ஏறுவதற்கு இன்னும் எவ்வளவோ ஜெயிக்க வேண்டும். எனக்காக அவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள் என்று இருக்கக் கூடாது.

ஐனரிடம் இந்தத் தோஷக் கதையெல்லாம் சொல்லவில்லை. அவர் மீன் பிடிக்கிறவர், இவற்றில் நம்பிக்கை இல்லை. சத்தியம் பண்ணு மேபல்.

உன்
வெர்னா

*

வாக்கர்ஸ் ஃபெரி
12 ஆகஸ்ட் 1953

அண்ணிக்கு,

சத்தியம் பண்ணிவிட்டேன். பண்ணிய நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? வலி அதிகமா? எனக்கு எல்லாவற்றையும் எழுதுங்கள். என் கடிதத்தால் தோஷம் ஒன்றும் வராது, நான் யார் ஜெயிக்கட்டும் என்றும் வேண்டிக்கொள்வதில்லை.

நேற்று சோளக்கதிரைக் கடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

"அக்கா கோவமா இருப்பாளோ?"

"எதுக்கு?"

"ஒரு மாசமா லெட்டர் போடல. தம்பி செத்தானா இருக்கானான்னு நெனப்பாளே."

வாய்வரை வந்ததை விழுங்கினேன். "அண்ணி உங்களைப் புரிஞ்சுப்பாங்க. கதிர் ஆறுது, சாப்பிடுங்க" என்றேன். அவர் சாப்பிடவில்லை.

ஏழாவது இடத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னும் மூன்று ஆட்டம்தான் பின்னால் இருக்கிறோமாம். பாருங்கள், நானும் "இருக்கிறோம்" என்று எழுதிவிட்டேன்.

மேபல்

*

அஸ்டோரியா
18 ஆகஸ்ட் 1953

கிளெமுக்கு,

ஐனர் எழுதுவது. நலம் விசாரிக்க எனக்கு மனம் இல்லை. வெர்னாவுக்குத் தெரியாமல் விமானத் தபாலில் இதைப் போடுகிறேன்.

எனக்கு எழுத வராது. சுருக்கமாகச் சொல்கிறேன். உன் அக்காவுக்கு வயிற்றில் கட்டி. வருகிற இருபத்தைந்தாம் தேதி போர்ட்லண்டில் ஆபரேஷன். டாக்டர் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை.

நீ ஆறு வாரமாக ஒரு வரி போடவில்லை. தினமும் காலையில் அவள் வாசலுக்குப் போய் நிற்கிறாள். தபால்காரர் தலையை ஆட்டி ஒன்றும் இல்லை என்கிறார். அவள் அதற்குச் சிரிக்கிறாள். நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். இவ்வளவு வேதனையை ஒருத்தி சிரித்து மறைப்பதை நான் இதுவரை பார்த்ததில்லை. எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. உனக்குப் பந்து விளையாட்டு பெரிது. உன் அணி ஜெயிக்கட்டும், நீ கைதட்டிக்கொண்டிரு.

ஐனர்

*

போர்ட்லண்ட், ஓரிகன்
26 ஆகஸ்ட் 1953

என் அன்பு மேபலுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். இடுப்புதான் கழன்றுவிட்டது. உனக்கு எழுதினால் தோஷம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ரயில் நேற்றுக் காலையில்தான் வந்து சேர்ந்தது. ஓட்டமாக ஓடினேன். அக்காவை ஆபரேஷனுக்குத் தயார் செய்து படுக்க வைத்திருந்தார்கள். இளைத்துப் போயிருக்கிறாள். என் தாடியைப் பார்த்த நர்ஸ் உள்ளே விடவே யோசித்தாள். அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். அதற்குள் ஒரு கத்தல்:

"டேய்! உன் சீட்ல யாருடா?"

"மேபல்."

"மேபலா? ஆட்டத்தப் பாப்பாளா, ஸ்வெட்டர் பின்னிட்டு இருப்பாளா?"

"பின்னினாலும் பரவால்ல, எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"நீ இங்க வரலாமாடா? அவ்வளவு நாள் எழுதாம காப்பாத்தினியே!"

"எழுதறதுதானக்கா தப்பு? ரயில்ல ரெண்டு நாள் யோசிச்சேன். நேர்ல வரக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. அதான் ஒரு தந்திகூடக் குடுக்காம வந்துட்டேன்."

அக்கா தூக்கிய தலையைத் தலையணையில் சாய்த்தாள். "ம். அது செல்லும்" என்றாள்.

அத்தான் ஒரு மூலையில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப தபால்காரர் லெட்டர் இல்லன்னு சொன்னப்ப நீ சிரிச்சது..."

"சந்தோஷத்துலதாங்க. வேற எதுக்கு?"

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாவம், இருபது வருஷமாக எப்படிப்பட்ட குடும்பத்தில் பெண் எடுத்திருக்கிறோம் என்று அவருக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

உள்ளே கொண்டு போனார்கள். கதவை மூடினார்கள். மேபல், நான் பயந்துபோனேன். அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவராகவே, "இந்த லண்ட்கிரென் எப்படித்தான் அவ்வளவு மெதுவா வீசறான்?" என்று கேட்டார். பேஸ்பால் என்றால் காத தூரம் ஓடுகிற மனிதர்! நான் சொன்னேன். விரல் எங்கே வைப்பான், மணிக்கட்டை எப்படி வளைப்பான் என்று ஒரு ஆப்பிளை வைத்துக் காட்டினேன். டாக்டர் வருகிறவரை அவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகுமாம். அதுவரை நான் இங்கேதான். சீட்டை விடாதே.

உன்
கிளெம்

*

வாக்கர்ஸ் ஃபெரி
8 செப்டம்பர் 1953

என்னங்க,

அண்ணிக்குத் தையல் ஆறிவருகிறதா? நீங்கள் நேரத்துக்குத் தூங்குங்கள். எனக்குத் தொண்டை மட்டும்தான் போய்விட்டது. நேற்று ஃபோனில் நான் கத்தியது பாதி உங்களுக்குக் கேட்டிருக்காது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நீங்கள் போன பிறகு அவர்கள் நாலு ஆட்டம் தோற்றார்கள். ஃபோனில் நீங்கள் கேட்டபோதெல்லாம் மழை பெய்து ஆட்டம் நின்றுவிட்டது என்று சொன்னேன். அண்ணி படுத்திருக்கிறபோது வேறு என்ன சொல்லட்டும்?

நேற்றுக் கடைசி ஆட்டம், கொல்லர்களோடு. ஜெயித்தால் ஏழாவது, தோற்றால் எட்டாவது. ஊரே கடையடைத்துவிட்டு வந்திருந்தது. ஹட்டன் தன் ஆட்களோடு மேலே உட்கார்ந்திருந்தார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. நான் உங்கள் சீட்டில், பக்கத்தில் பர்விஸ் கொல்லர்கள் தொப்பியோடு.

கடைசி இன்னிங்ஸ், மூன்றுக்கு மூன்று. மாலெக் மூன்றாவது தளத்தில் நிற்கிறான். அங்கிருந்து வீட்டுத் தளத்துக்கு ஓடிவந்துவிட்டால் ஜெயிப்பு. மட்டை பிடித்தவன் தரையோடு தட்டினான். பந்து உருண்டு நேராக எதிராளி கைக்குப் போகிறது. மாலெக் ஓடுகிறான். ஐயோ, அந்த ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! நான் அப்பளக்குழவியை விடவும் மெதுவாக உருளுகிற மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன். பந்தும் அவனும் ஒன்றாக வந்தார்கள். வயிற்றால் சறுக்கினான். புழுதி. ஒன்றும் தெரியவில்லை. "எந்திரிங்க மாலெக், தொடுங்க!" என்று ஒரு பொம்பளை கத்துகிறாள். யாரென்று பார்த்தால் நான்தான். நடுவர் இரண்டு கையையும் விரித்தார். வந்துவிட்டான்!

பெரிய ஆண்பிள்ளைகள் எல்லாம் குழந்தை மாதிரி அழுதார்கள். மாலெக் எழுந்திருக்கவே இல்லை, தளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பர்விஸ் என்ன செய்தார் தெரியுமா? தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"உங்க டீம் தோத்ததுக்கா அழறீங்க?" என்றேன்.

"சும்மா இரும்மா. இவங்க போயிட்டா அடுத்த வருஷம் நான் யாரைத் திட்டறது? உன் புருஷன் கடையில எனக்கு வேற என்ன பேச்சு இருக்கு?"

ஹட்டன் கீழே இறங்கி வந்தபோது ஊர்க்காரர்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றித்தானே ஆக வேண்டும்? இன்று காலைப் பத்திரிகையில் போட்டிருக்கிறது. அணி இங்கேயே இருக்கிறது.

நான் உங்கள் மனைவி என்பதில் எனக்கு இவ்வளவு பெருமை எப்போதும் இருந்ததில்லை. இதைத் திரும்பச் சொல்லச் சொல்லாதீர்கள்.

மேபல்

*

போர்ட்லண்ட்
13 செப்டம்பர் 1953

அன்பு மேபலுக்கு,

இன்று உட்கார்ந்து எழுதுகிறேன், தையல் இழுக்கவில்லை. சூப்பும் ரொட்டியும் இறங்குகின்றன. நாளை மறுநாள் வீட்டுக்கு விடுகிறார்கள். கிளெம் ரயிலேறிவிட்டான். இந்தக் கடிதத்துக்கு முன்னால் வந்து சேர்வான். நடந்ததை அவன் சொல்லுவான், ஆனால் பாதி நேரம் அழுதுகொண்டிருந்தவன் சொல்வதை நம்பாதே. நான் சொல்கிறேன்.

திங்கட்கிழமை. விடுமுறை நாள். வராந்தாவில் ஃபோன் மணி அடித்தது. கிளெம் ஓடினான். அவன் போட்ட சத்தத்தில் மூன்று நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். உள்ளே வந்து என் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறான். தையல் இருக்கிற ஞாபகம்கூட இல்லாமல் நானும் எழுந்து உட்கார்ந்து அழுகிறேன். அடுத்த கட்டிலில் இருந்தவள் கைதட்டினாள். ஐனர், என் ஐனர், சன்னலைத் திறந்து தெருவைப் பார்த்து "மாலெக்!" என்று கத்தினார்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே வந்தார். கையில் சோதனைச்சாலைத் தாள். எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"அதுக்குள்ள உங்களுக்கு யார் சொன்னது?"

"மேபல் சொன்னா டாக்டர்! ஃபோன்ல!"

"மேபலா? எங்க சோதனைச்சாலையில மேபல்னு யாரும் இல்லையே. என் கையில இருக்கற தாள் இப்பத்தானே வந்துச்சு?"

அப்போதுதான் எனக்கு அந்தத் தாள் ஞாபகமே வந்தது. இத்தனை நாளாக ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தேனே, அதே தாள். கிளெம் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கெட்டது இல்லம்மா," என்றார் டாக்டர். "சுத்தமா இருக்கு. நீங்க பிழைச்சுட்டீங்க."

மறுபடியும் ஒரு சுற்று அழுதோம். ஐனர் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவே இல்லை.

"சரி, இது தெரியாம முன்னாடி எதுக்கு அழுதுட்டு இருந்தீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"எங்க டீம் ஏழாவது வந்துடுச்சு, டாக்டர்."

"எத்தனை டீம்ல?"

"எட்டுல."

அவர் கிளெமைப் பார்த்தார், ஐனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குக் கொடுத்த மருந்தில் ஏதாவது தவறு நடந்துவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"எட்டுல ஏழாவதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"உங்களுக்குச் சொந்த ஊர் எது டாக்டர்?"

"நியூயார்க்."

தலையணையில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன் மேபல். உடம்பில் வலி இருந்ததாகவே நினைவில்லை.

"அப்ப உங்களுக்குச் சொன்னாலும் புரியாது," என்றேன். "உங்க ஊர்ல ஜெயிச்சா கோப்பை கிடைக்கும். எங்க ஊர்ல ஏழாவது வந்தா, அடுத்த வருஷமும் டீம் இருக்கும்."

ஏழாம் இடத்துக்காரி,
வெர்னா